குருமலையும் தரங்கம்பாடிப் பள்ளிக்கூடமும்

சுவாமிமலையிலே, பிரபவ முதலிய 60 ஆண்டுகளின் பெயர் தாங்கிய 60 படிகளை ஏறிச் சென்று சுவாமிநாதனைத் தரிசிக்கும் அடியார் யாவரும், அங்கே தனயன் குருவாகவும் தந்தையாகிய பரமசிவனார் சீடராகவும் இருந்து பிரணவோபதேசம் நிகழ்ந்தது என்னும் ஸ்தல புராணத்தை அறிந்தவர்களே. குருமலை என்ற பெயரும் அதனாலேயே வந்தது. இக்கதையைக் கேட்டு உருகிய நம் பண்டிதர்களில் எத்தனை பேர் தம்மினும் இளையவரிடத்திலோ, கடைவீதியில் நிற்பவரிடத்திலோ ஒரு சொல்லையேனும் கேட்டுக் கற்றனர் என்று வினவினால் விடை சங்கடமாகவே இருக்கும். அக்காரியத்தை இதே காவிரி நாட்டின் கடலோரத்தில் செய்தவர் ஓர் அந்நியர்.

1620-ஆம் ஆண்டிலே தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் குடியேறினர். கோட்டை கட்டினர், மிளகும் துணியும் வாங்கினர், ஆனால் அக்காலத்தில் கரையோர வியாபாரத்துக்கெல்லாம் பொதுமொழியாக விளங்கிய போர்த்துக்கீசியமும், அதை அறிந்த துபாஷிகளும் இருந்தபடியால், தமிழைக் கற்க வேண்டிய அவசியம் டேனிஷ் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு ஏற்படவில்லை. விலை பேசுவதற்கு அதுவே போதும். ஒரு ஜனசமூகத்தின் மனத்தை அறிவதற்குப் போதாது என்பதை, டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1706 ஜூலையில் வந்திறங்கிய 24 வயது லுத்தேரியப் பாதிரியாராகிய பர்த்தலோமேயு சீகன்பால்கு விரைவில் உணர்ந்தார். உடன் வந்த புளூட்சோ போர்த்துக்கீசியத்தில் கருத்தைச் செலுத்த, இவரோ தமிழையே பற்றினார்.

இலக்கணப் புத்தகமோ அகராதியோ அவர் கைக்கு எட்டவில்லை. ஆகவே வயது முதிர்ந்த ஒரு திண்ணைப் பள்ளி உபாத்தியாயரை வேண்டி, அவருடைய பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்து, தாமும் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலிலே விரலால் அகரம் முதலாக எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, பொருள்தான் வரவில்லை, ஏனெனில் உபாத்தியாயருக்குத் தமிழன்றி வேறு பாஷை தெரியாது. பிறகு, முன்னே கம்பெனியில் துபாஷியாயிருந்து பல ஐரோப்பிய மொழிகளை அறிந்த அலெப்பா என்பவரை அமர்த்திக்கொண்டு பொருளை விசாரித்து அறிந்தார். அதன்பின் அவர் வகுத்துக்கொண்ட தினசரி நியமம் வியக்கத்தக்கது: காலை ஏழு மணிக்குக் கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லுதல், எட்டு முதல் பன்னிரண்டு வரை, முதிய புலவர் ஒருவர் பக்கத்திலிருந்து விளக்கம் கூற, புதிய வழக்குகளை எழுத்தர் ஒருவர் உடனுக்குடன் குறித்துக்கொள்ள, முன் படியாத ஏடுகளைப் படித்தல், பிற்பகலிலும் படிப்பு, இரவிலே கண் களைத்தபோது பிறர் படிக்கக் கேட்டல். இத்தகைய உழைப்பின் பயனாகவே அவரது தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீன் மொழியில் அச்சாயிற்று. மூன்றாண்டுகளில், 1719-இல், அவர் தரங்கம்பாடியிலேயே காலமானார். அப்போது வயது 36.

அவருடைய மதப் பிரசாரத்தைப் பற்றி எவ்வித அபிப்பிராயம் கொண்டாலும், கற்கும் விஷயத்தில் அவர் காட்டிய விநயத்தை மறுப்பதற்கில்லை. நம்மவர் செய்யாமல் விட்டதும் ஒன்றுண்டு. தொல்காப்பியமும் நன்னூலும் செய்த நாட்டிலே, உழவரும் செட்டிகளும் நாள்தோறும் பேசும் தமிழுக்குத் தனியாக இலக்கணம் வகுப்பது புலமைக்கு இழுக்கென்றே கருதப்பட்டது போலும். அக்குறையைத் தீர்த்தவர்களிலே தலைசிறந்தவர், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியோடு நெடுநாள் தொடர்புகொண்டிருந்த இத்தாலியராகிய வீரமாமுனிவர். தேம்பாவணி பாடிய அதே கையால், 1728-இல், அப்பேச்சுத் தமிழாகிய கொடுந்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். அவர் கத்தோலிக்கர்; லுத்தேரினத்தியல்பு என்னும் கண்டன நூலால் தரங்கம்பாடியாரைச் சற்றும் தயவின்றிச் சாடியவர். ஆயினும் புதிதாய் வரும் தம் குருமார்களுக்கு அவ்விலக்கணத்தினும் சிறந்த துணை வேறில்லை என்று கண்ட தரங்கம்பாடி லுத்தேரியர்கள், 1738-இல், தங்கள் சொந்த அச்சுக்கூடத்திலேயே அதனை அச்சிட்டு வெளியிட்டனர்.