இராயபுரம் புகைவண்டி நிலையம்: மறதி காத்த மாளிகை

வடசென்னை என்றவுடன் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும், எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும், திருவொற்றியூர்த் தேரடியும் நம் கண்முன் தோன்றுகின்றன. பட்டினத்தார் அடங்கிய மண் என்றும், வள்ளலார் நடந்து சென்று தொழுத தலம் என்றும் ஒற்றியூரைப் போற்றாத கவியரங்கம் நம் வட்டத்தில் நிகழ்ந்ததில்லை. ஆனால், அவ்வள்ளலார் சென்னையில் வாழ்ந்த நாளிலேயே, அவர் ஒற்றியூருக்கு நடந்த அதே வடதிசையில், தென்னகத்தின் முதற் புகைவண்டி நிலையம் எழுந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. மின்வண்டியில் கடற்கரை நிலையத்தை விட்டு வடக்கே புறப்பட்டால் அடுத்து வருவது இராயபுரம். பத்தாண்டு காணும் நம் வட்டத்து அன்பர்களுள் பலர் அந்நிலையத்தைக் கடந்தே கூட்டத்திற்கு வருகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

இந்தியாவில் பயணிகள் இருப்புப்பாதை முதன்முதலில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய்க்கும் தானேக்கும் இடையே திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி ஓடிற்று. மூன்றாவது முறை சென்னையினுடையது. எனினும் தண்டவாளம் என்பது சென்னைக்கு முற்றிலும் புதுப்பொருள் அன்று. 1830களின் பிற்பகுதியிலேயே செங்குன்றத்திலிருந்து சாலைக்கான கற்களைக் கொண்டுவரச் சிறியதோர் இருப்புப்பாதை இடப்பட்டிருந்தது. அது கல் சுமந்த பாதை. மனிதரைச் சுமக்கும் பாதையை அமைக்க வந்தது மதராஸ் இரயில்வே கம்பெனி. 1853இல் தொடங்கிய வேலை மூன்றாண்டுகளில் முடிந்தது. இராயபுரம் நிலையக் கட்டடம் 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிற்கு, வண்டி ஓடத் தொடங்கியது. அதன் பெட்டிகளைச் செய்தளித்தது சென்னையிலேயே இருந்த சிம்சன் கம்பெனி என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. எஞ்சின் கடல்கடந்து வந்ததாயினும், பெட்டி நம் ஊர்த் தச்சர் கைபட்டது.

நிலையம் ஏன் இராயபுரத்தில் அமைந்தது? கோட்டையும் கருப்பர் நகரத்து வணிகத் தெருக்களும் அருகில் இருந்தன என்பது ஒரு காரணம். கடல் அருகில் இருந்தது என்பது மற்றொன்று. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்றில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே அலை பிளந்து சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தன. அப்படகோட்டிகளின் ஊர்தான் இராயபுரம். அவர்கள் எழுப்பிய புனித பேதுருவின் கோயிலே ஊருக்குப் பெயர் தந்தது. தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் பேதுருவுக்கு இராயப்பர் என்பது பெயர். இதனை அறியாமல் இராயர் எவரோ ஆண்ட ஊர் என்று பொருள் கூறுவாரும் உளர். மேடையிலேயே அவ்வாறு கேட்டிருக்கிறேன். ஆக, தென்னகத்தின் முதற் புகைவண்டி படகோட்டிகளின் ஊரிலிருந்து புறப்பட்டது. இந்தியாவின் முதல் நிலையங்களைப் பற்றி எழுதுவோர் ஆளுநரையும் பொறியாளரையும் மறவாது குறிப்பிடுகின்றனர். சரக்கைக் கரை சேர்த்த துடுப்பையும், அதனை நிலையத்திற்குச் சுமந்த தலையையும் குறிப்பிடுவோர் அரியர்.

பாதை வளர்ந்தது. 1862க்குள் அது மேற்குக் கடற்கரையை எட்டியது; 1871இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. வளர்ச்சியே இராயபுரத்தின் தாழ்வுக்கும் வித்திட்டது. 1873இல் பார்க் டவுனில் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டதும் நெடுந்தொலைவுப் பயணிகள் சிறிது சிறிதாக அங்கே சென்றனர். 1908இல் எழும்பூர் நிலையமும் எழுந்தது. அதே ஆண்டில் மதராஸ் இரயில்வே, தென் மராட்டிய இரயில்வேயுடன் இணைந்தது. அப்புதிய நிறுவனத்தின் தலைமை அலுவலகம் 1922 வரை இராயபுரத்தில் இருந்தது. பின்னர் சென்ட்ரலுக்கு அருகே எழுந்த புதிய மாளிகைக்கு மாறியது. அதன்பின் இராயபுரம், புறநகர் வண்டிகள் சற்றே நின்று செல்லும் சிறு நிலையமாயிற்று. உயர்ந்த தூண்களை உடைய அதன் பழங்கூடம் பாழடைந்தது.

இங்கேதான் வரலாறு நம்மை நகைக்க வைக்கிறது. பம்பாயின் முதல் நிலையம் இன்று இல்லை. அங்கே மக்கள் பெருக, 1888இல் விக்டோரியா முனையம் என்னும் பெருமாளிகை நிறைவுற்றது. ஹௌராவின் தொடக்க நிலையமும் இல்லை. இன்று நாம் காணும் கட்டடம் 1905இல் திறக்கப்பட்டது. செழித்த நிலையங்கள் தம்மைத் தாமே இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொண்டன. இராயபுரத்தை இடிக்கும் தேவை எவருக்கும் ஏற்படவில்லை. ஆகவே அது நின்றது. நாட்டில் இன்றும் வழக்கில் உள்ள நிலையக் கட்டடங்களுள் இதுவே மிகத் தொன்மையானது என்று கூறப்படுவதன் உட்பொருள் இதுதான்: நாம் காத்ததால் அன்று, மறந்ததால் எஞ்சியது. அது பெருமைப்படத்தக்க செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

காப்பு முயற்சி பின்னரே வந்தது. மரபுக் கட்டட ஆர்வலர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தனர். இரயில்வே நிருவாகம் கட்டடத்தைப் பழுது நீக்கி, 2005 அக்டோபர் 2 அன்று மீண்டும் திறந்தது. தூண்கள் வெள்ளை பெற்றன, கூடம் துலங்கியது. மறு ஆண்டு 150 ஆண்டு நிறைவு வந்தது. இவை பாராட்டத்தக்கன. ஆனால் கட்டடத்தைத் துலக்கிய கை, அதனுள் மனிதரைக் கொண்டுவரவில்லை. நெடுந்தொலைவு வண்டிகளுக்கு இராயபுரத்தை முனையமாக்குக என்று வடசென்னை மக்கள் பன்முறை வேண்டினர். நிலையத்தை ஒட்டிய இரயில்வே நிலத்தின் பரப்பைச் சுட்டிக்காட்டினர். எனினும் மூன்றாம் முனையமாக வளர்ந்தது தாம்பரமே. முனையம் வந்தால் மரபுக் கட்டடம் சிதையும் என்பார் கூற்றையும் எளிதில் ஒதுக்க இயலாது. பெருங்கூட்டம் வந்தால் அகலப்படுத்தச் சொல்லும். அகலப்படுத்தினால் பழஞ்சுவர் தாங்குமா?

இவ்விரண்டையும் எதிரெதிர் நிறுத்துவதே பிழை என்பது என் கருத்து. எழும்பூரைப் பாருங்கள். 1908ஆம் ஆண்டின் சிவந்த மாளிகையைத் தொடாமல், பின்புறம் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் பக்கம் மற்றொரு வாயில் அமைத்தார்கள். பழங்கட்டடம் பழமையாகவே நின்று பயணியரை ஏற்கிறது. இராயபுரத்தில் மட்டும் அது ஏன் ஆகாது? ஆளில்லாத கூடத்தைப் பூட்டிப் பாதுகாப்பது, முன்பு நேர்ந்த மறதியின் இரண்டாம் பதிப்பாகவே முடியும்.

நம்மால் ஆகக்கூடிய காப்புப் பணி மற்றொன்று உண்டு. அது சுண்ணாம்பும் செங்கலும் வேண்டாத பணி. புகைவண்டி தமிழுக்குள் வந்தபோது மக்கள் அதனை வெறும் வியப்போடு பார்த்து நின்றுவிடவில்லை, சொல்லாக்கி எடுத்துக்கொண்டனர். புகைவண்டி, புகைரதம், இருப்பூர்தி, தொடர்வண்டி எனக் கற்றோர் ஒருபால் ஆக்கினர். மற்றொருபால், குஜிலிக் கடைகளில் காலணாவிற்கும் அரையணாவிற்கும் விற்ற சிறுநூல்களில் இரயிலைப் பற்றிய சிந்துகளும் கும்மிகளும் அச்சாயின. அவற்றைப் பாடியவர்களுள் பலர் பெயரும் நமக்குத் தெரியாது. முனைவர் பட்டத்திற்காக நூலகங்களில் அலைந்த நாள்களில் அத்தகைய நூல்கள் பொடிந்து கையோடு வந்ததைக் கண்டிருக்கிறேன். நிலையத்திற்கு வெள்ளையடித்தோம், அதனைப் பாடிய தாள்களுக்கு என்ன செய்தோம்?

இரயில்வே தொழிலாளர் வாய்மொழியும் அவ்வாறே அழிந்து வருகிறது. இராயபுரத்தில் இன்றும் மின் எஞ்சின்களைப் பராமரிக்கும் பணிமனை உண்டு. தண்டையார்ப்பேட்டையில் சரக்கு வண்டி யார்டு உண்டு. கலாசி, கேங்மேன், பாயிண்ட்ஸ்மேன், ஷண்டிங் என்ற சொற்கள் இப்பகுதி வீடுகளில் அரிசி, பருப்புப் போல் புழங்கியவை. சென்ற ஆண்டு என் மாணவியர் சிலரை அந்நிலையத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவர்களுள் ஒருத்தியின் பாட்டனார் யார்டில் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியோடு அவரும் வந்திருந்தார். நான் கட்டடத்தின் ஆண்டையும் ஆளுநர் பெயரையும் விளக்கிக்கொண்டிருந்தபோது, பெரியவர் நடைமேடையின் ஓரத்தில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன்.

"கைகாட்டி இருந்த இடத்தைப் பாக்குறேம்மா. கை எறங்குச்சுன்னா வண்டி வருதுன்னு அர்த்தம். எங்க வீட்டுல சோறு வடிக்கிறதே அதப் பாத்துதான்."

கைகாட்டி என்ற அச்சொல்லை மாணவியர் எவரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. ஒருத்தி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்று, இன்னும் என்னென்ன பெயர்கள் இருந்தன என்று கேட்கத் தொடங்கினார்கள். என் விளக்கம் பாதியில் நின்றது.