குமாரபாளையம்: காவிரிக் கரைத் தெருக்களும் வெள்ளமும்

குமாரபாளையம் நாமக்கல் மாவட்டத்தில் காவிரி ஆற்றின் இடக்கரையில் அமைந்த நெசவு நகரம். ஆற்றுக்கு அக்கரையில் ஈரோடு மாவட்டத்தின் பவானி நகரம் உள்ளது. விசைத்தறித் துணிக்குப் பெயர் பெற்ற இந்நகரின் ஆற்றோரத் தெருக்கள், மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும் ஆண்டுகளில் நீரில் மூழ்குகின்றன. அணை கட்டப்படுவதற்கு முன் வெள்ளம் சொல்லாமல் வந்தது. இப்போது அளவும் நேரமும் சொல்லிவிட்டே வருகிறது. ஆனாலும் வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தெருக்காரர்கள்தான். இதன் காரணத்தை ஆற்றில் மட்டுமன்றி, ஊரின் தொழில் வரலாற்றிலும் தேட வேண்டும்.

அமைவிடம்

குமாரபாளையம் முன்பு சேலம் மாவட்டத்தின் திருச்செங்கோடு வட்டத்தில் இருந்தது. 1997 சனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 70 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

மேட்டூரிலிருந்து தெற்கே இறங்கும் காவிரியுடன், நீலகிரிப் பக்கத்திலிருந்து வரும் பவானி ஆறு எதிர்க்கரையில் கலக்கிறது. அந்த இடம் கூடுதுறை எனப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் இங்கே சேர்வதாக நம்பி, மூன்று ஆறுகள் கூடும் இடமாக மக்கள் இதைக் கொண்டாடுகின்றனர். சங்கமேசுவரர் கோயில் இக்கூடலில் அமைந்துள்ளது. கூடலுக்குக் கீழே உள்ள பகுதி இரண்டு ஆறுகளின் வெள்ளத்தையும் தாங்க வேண்டும். மேட்டூரிலும் பவானிசாகரிலும் ஒரே சமயத்தில் நீர் திறக்கப்பட்டால் ஒன்றின் நீர் மற்றொன்றின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துவதால், கரையோரத்தில் மட்டம் மேலும் உயரும்.

மாவட்ட எல்லை ஆற்றின் நடுவே ஓடினாலும் அன்றாட வாழ்வில் இரு நகரங்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பாலங்கள் வருவதற்கு முன் பரிசலும் படகும் இணைப்பாக இருந்தன. இரு ஊர்களுக்கும் இடையே இன்று பழைய பாலம், புதிய பாலம் இரண்டும் உள்ளன. மேலே பூலாம்பட்டிக்கும் நெருஞ்சிப்பேட்டைக்கும் இடையே விசைப்படகு இன்றும் ஓடுகிறது. மேட்டூரில் நீர்த் திறப்பு கூடினால் முதலில் நிற்பது அந்தப் படகுதான்.

தறியும் குடியேற்றமும்

பவானி கைத்தறி சமக்காளத்தால் அறியப்பட்டது. பவானி சமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். குமாரபாளையத்திலும் தொடக்கத்தில் கைத்தறியே இருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது விசைத்தறிக்கு மாறியது. லுங்கி, துண்டு போன்ற அன்றாடத் துணிகள் இங்கு நெய்யப்பட்டு வெளியூர்ச் சந்தைகளுக்குச் சென்றன. செங்குந்தர், தேவாங்கர் முதலிய நெசவுச் சமூகத்தாருடன், உழவிலிருந்து வந்த பிற சமூகத்தாரும் தறி உரிமையாளர்களாகவும் தொழிலாளர்களாகவும் ஆயினர்.

நெசவுக்கு நூல் வேண்டும். நூலுக்குச் சாயம் வேண்டும். சாயத்துக்கு நீர் வேண்டும். சாயமிட்ட நூலை அலசக் காவிரி பக்கத்திலேயே இருந்தது. அதனால் சாயப்பட்டறைகள் ஆற்றை ஒட்டி வளர்ந்தன. பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல், தறி ஓட்டுதல் என வேலை பெருகப் பெருக, சுற்று வட்டாரச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் நகருக்கு வந்தன. மேட்டு நிலத்தில் வாடகை கூடுதல். ஆற்றை ஒட்டிய தாழ்ந்த இடம் மலிவாகக் கிடைத்தது. சில இடங்களில் அது ஆற்றுப் புறம்போக்கு. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த இடத்துக்கு வெள்ளம் வரும் என்ற நினைவே இருக்காது. இவ்வாறுதான் கரையோரத் தெருக்கள் நிரம்பின.

1990களில் பவானியிலும் குமாரபாளையத்திலும் களஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவ், இத்தொழிலாளர் வாழ்வைப் பற்றி 2005 இல் ஒரு நூல் வெளியிட்டார். விசைத்தறிகளில் வழங்கும் ‘பாக்கி’ முறையை அவர் விரிவாக ஆராய்ந்துள்ளார். வேலைக்குச் சேரும்போது உரிமையாளரிடம் தொழிலாளி வாங்கும் முன்பணமே பாக்கி. அதைத் திருப்பிக் கட்டும் வரை வேறு தறிக்குப் போக முடியாது. போக விரும்பினால் புதிய உரிமையாளர் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். தொழிலாளியைக் கட்டிவைக்க ஏற்பட்ட இம்முறையையே, ஆள் தட்டுப்பாடு உள்ள காலங்களில் தொழிலாளர்கள் கூடுதல் முன்பணம் கேட்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அவர் காட்டுகிறார். எப்படியாயினும் குடும்பத்தின் தலைமேல் ஒரு கடன் எப்போதும் நிற்கிறது. அண்டை நகரமான பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கியதாக 2025 சூலையில் செய்தி வெளியாகி, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. இக்கடனின் ஆழத்தை வெளியுலகம் அப்போது கண்டது.

1924 வெள்ளமும் மேட்டூர் அணையும்

காவிரி வரலாற்றில் 1924 சூலை வெள்ளம் ஓர் எல்லைக்கல். கரைநெடுக ஊர்களும் பாலங்களும் பாதிக்கப்பட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் காவிரி ஒப்பந்தம் செய்திருந்தன. அதன்படி மேட்டூர் அணைப் பணி 1925 இல் தொடங்கியது. 1924 வெள்ளத்தின் அளவு, அணையின் உபரிநீர் வெளியேறும் அமைப்பைத் திட்டமிடுவதில் முக்கியக் கணக்காக இருந்தது. 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டு, அப்போதைய ஆளுநர் சார்ச் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. அணையின் நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

பின்னர் மேட்டூரிலிருந்து கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் வெட்டப்பட்டு 1955 முதல் பாசனம் நடைபெறுகிறது. இவை சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45 ஆயிரம் ஏக்கருக்கு நீர் தருகின்றன. அதில் 27 ஆயிரம் ஏக்கர் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. குமாரபாளையம் வட்டார வயல்கள் இவ்வாய்க்காலை நம்பியுள்ளன.

அணை வந்ததும் சிறு வெள்ளங்கள் நின்றன. ஆற்றோரம் பாதுகாப்பானது என்ற எண்ணம் வளர்ந்தது. ஆனால் அணைக்கு ஓர் எல்லை உண்டு. 120 அடி நிரம்பிய பிறகு வருகிற நீரைத் தேக்க அதில் இடமில்லை. வந்தது வந்தபடி வெளியேற வேண்டும். அணை நிரம்பாத ஆண்டுகள் தொடர்ச்சியாக வரும்போது தாழ்ந்த இடங்களில் வீடுகள் பெருகுகின்றன. நிரம்பும் ஆண்டில் அவை மூழ்குகின்றன.

வெள்ளச் செய்தி வரும் வழி

குமாரபாளையத்தின் வெள்ளம் அங்கு பெய்யும் மழையால் வருவதன்று. அது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் நீர். அந்த மழையில் கர்நாடகத்தின் கிருஷ்ணராச சாகரும் கபினியும் நிரம்பினால் உபரிநீர் காவிரியில் திறக்கப்படும். மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அதை அளக்கிறது. பிறகு ஒகேனக்கல் அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை வருகிறது. அடுத்து மேட்டூர். அணையின் 16 கண் மதகுகள் திறக்கப்பட்டால், சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் தொடங்கிக் கடைமடை வரையுள்ள மாவட்டங்களுக்கு எச்சரிக்கை போகிறது. மேட்டூருக்கும் குமாரபாளையத்துக்கும் இடையே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய கதவணை மின்நிலையங்கள் உள்ளன. பெருவெள்ளத்தில் அவற்றின் கதவுகள் உயர்த்தப்பட்டு மின் உற்பத்தி நிறுத்தப்படும்.

முன்பு ஊருக்குள் இச்செய்தியைத் தண்டோரா கொண்டுவந்தது. பின்னர் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. வருவாய்த் துறையும் நகராட்சியும் காவல்துறையும் தெருத்தெருவாக அறிவிக்கின்றன. இன்று கைப்பேசியில் மணிக்கு மணி கன அடிக் கணக்கு வருகிறது. கரையோரச் சிறுவனுக்கும் ‘ஒரு லட்சம்’, ‘ஒன்றரை லட்சம்’ என்பதன் பொருள் தெரியும்.

அந்தக் கணக்கை மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். விநாடிக்கு 2 லட்சம் கன அடி என்றால் ஒரு விநாடியில் 56 லட்சம் லிட்டருக்கு மேல். இதே அளவில் ஒரு நாள் முழுதும் ஓடினால் 17.28 டி.எம்.சி. நிரம்பிய மேட்டூர் அணையின் நீர் முழுவதும் ஐந்தரை நாளில் தீர்ந்துபோகும் வேகம் இது.

அண்மைக் கால வெள்ளங்கள்

2005, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் மேட்டூரிலிருந்து வெளியேறிய நீர் விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. 2018 இல் அணை ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நிரம்பியிருந்தது. அதுவரை ஆற்றில் பாறை தெரிந்த காலம். ஆகவே ஆகஸ்ட் வெள்ளம் பலருக்கு எதிர்பாராததாக இருந்தது. 2022 இல் ஆடிப்பெருக்கை ஒட்டியே வெள்ளம் வந்தது. 2024 சூலை 30 அன்று அணை மீண்டும் நிரம்பியது. அப்போதும் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் வெளியேறியது.

இத்தகைய நாள்களில் குமாரபாளையத்தில் இந்திரா நகர், மணிமேகலை தெரு, கலைமகள் வீதி ஆகியவற்றின் பெயர்கள் செய்திகளில் வரும். பள்ளிபாளையத்தில் சனதா நகர், சத்யா நகர், ஆவாரங்காடு. அக்கரையில் பவானியின் கந்தன் பட்டறை, பசுவேசுவரர் வீதி. வெள்ளத்துக்கு மாவட்ட எல்லை இல்லை.

நீர் வாசலுக்கு வருமுன் குடும்ப அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ், நகை அடகுச் சீட்டு ஆகியவற்றை ஒரு பையில் கட்டுவதும், அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றுவதும் இத்தெருக்களில் பழகிய வேலை. பிறகு நகராட்சிப் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் முகாம். அங்கே உணவு, பாய், மருத்துவ முகாம் எல்லாம் கிடைக்கும். வகுப்பறையில் முகாம் என்றால் பள்ளிக்கு விடுமுறை. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. இது முகாமில் தீர்க்கப்படாத கணக்கு. நீர் வடிந்ததும் சேறு வாரி, சுவர் உலரும் வரை காத்திருந்து, மீண்டும் அதே வீடு. அந்த வாரம் இழந்த கூலி பாக்கியில் சேரும்.

இடம் மாறாமைக்குக் காரணம்

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் இரண்டு தீர்வுகள் பேசப்படுகின்றன. ஒன்று கரையில் தடுப்புச்சுவர். மற்றொன்று மாற்று இடம். சுவர் ஓரிடத்தில் தடுக்கும் நீர் எதிர்க்கரையிலோ கீழ்க்கரையிலோ ஏறக்கூடும். எனவே பவானியையும் சேர்த்தே அதைத் திட்டமிட வேண்டியிருக்கும். மாற்று இடம் உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் அது நகருக்கு வெளியே தொலைவில் அமைந்தால், இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் திரும்பும் தொழிலாளிக்கும், வீட்டிலிருந்தே தார் சுற்றும் பெண்ணுக்கும் வேலை கைவிட்டுப் போகும். பட்டா இல்லாதவருக்குச் சேதமடைந்த வீட்டுக்கான உரிமையைக் காட்டுவதும் கடினம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைவிட நாள்தோறும் வரும் வேலையே பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. தறிக்கூடத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் மேட்டு நிலத்தில் வீடு என்பதே இத்தெருக்களின் வரலாறு சுட்டும் தேவை.

நீரின் மறுபக்கம்

வெள்ளமில்லாத நாள்களில் கரையோரத்தின் கவலை வேறு. உரிமமின்றி இயங்கும் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலப்பது இங்கு நெடுநாள் சிக்கல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவ்வப்போது இப்பட்டறைகளை இடித்து அகற்றுகிறது. சில காலம் கழித்து அவை வேறு இடத்தில் முளைக்கின்றன. கதவணைகளால் நீர் தேங்கும் இடங்களில் ஆகாயத்தாமரை படர்கிறது. இதே காவிரிதான் கரையோர நகரங்களின் குடிநீர். ஆகவே ஆறு ஒரே சமயத்தில் தொழிலின் மூலதனமாகவும் அதன் சாக்கடையாகவும் ஊரின் குடமாகவும் இருக்கிறது. வெள்ளம் வந்தால் ஆற்றின் கழிவு அடித்துச் செல்லப்படுவதாகச் சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. அது நீங்குவதில்லை, கீழே உள்ள ஊருக்குப் போகிறது.

விழாக்களும் ஊர்க்கூட்டும்

மாசி மாதத்தில் நடைபெறும் காளியம்மன் கோயில் குண்டம் திருவிழா நகரின் பெரிய விழா. காவிரியிலிருந்து தீர்த்தம் எடுத்து வருதலும் தீ மிதித்தலும் இதில் முக்கியம். தறி முதலாளியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கும் நாள் அது. ஆடிப்பெருக்கில் பெண்கள் படித்துறையில் காவிரித் தாயை வணங்கி மஞ்சள் கயிறு மாற்றுகிறார்கள். ஆடி அமாவாசையில் கூடுதுறையில் முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுக்க வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

ஆடிப்பெருக்கு என்பதே ஆற்றில் புதுவெள்ளம் வருவதைக் கொண்டாடும் நாள். வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில் அதே நாளில் படித்துறைகளில் தடுப்புக் கட்டப்படுகிறது. பெண்கள் குழாய் நீரிலோ, குடத்தில் மொண்டு வந்த நீரிலோ பூசையை முடித்துக்கொள்கிறார்கள். பாலத்தில் வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டத்தைக் காவலர்கள் கலைத்துவிடுகிறார்கள். கரையோரத் தெருக்காரர்களுக்கு அன்று பூசையும் உண்டு, மூட்டை கட்டும் வேலையும் உண்டு. காவிரி பெருகாத ஆண்டில் வாய்க்கால் பாசனமும் குடிநீரும் வாடும் என்பதால், பெருக வேண்டாம் என்று அவர்களும் வேண்டுவதில்லை.