கேடிஇ 4.0: ஓர் எண்ணால் வந்த இன்னல்



அனைவருக்கும் ஆணையிடவல்ல முதலாளி எவரும் இல்லாத இடத்தில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு பெரிய மென்பொருளைக் குறித்த நாளில் வெளியிடுவது எங்ஙனம்? இதனை அறிய விரும்புவோர்க்குக் கேடிஇ எனும் கட்டற்ற மென்பொருளின் வரலாறு நல்ல பாடமாகும். லினக்ஸ் கணினியில் நாம் காணும் பட்டியல்கள், சாளரங்கள், படவுருக்கள் ஆகியவற்றைத் தரும் மேசைத்தளம் இது.

ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபர் 14ஆம் நாள் இத்திட்டத்தைத் தொடங்கினார். 1998 ஜூலையில் முதற்பதிப்பு வந்தது. 2005 நவம்பரில் வெளிவந்த 3.5 பதிப்பு நன்கு நிலைபெற்றது. ஆயினும் கேடிஇ எழுப்பப்பட்ட அடித்தளம் நார்வே நாட்டு டிரோல்டெக் நிறுவனத்தின் கியூட்டி என்பதாகும். அதன் நான்காம் பதிப்பு 2005 ஜூனிலேயே வந்துவிட்டது. பழையதோடு அது பொருந்தவில்லை. அடித்தளமே மாறும்போது வீட்டையும் புதிதாகவே கட்டிவிடுவோம் என நிரலாளர்கள் துணிந்தனர்.

இத்தகைய பணியில் வெளியீட்டுக் குழுவின் கையில் உள்ள ஒரே கோல் நாட்காட்டிதான். ஒரு நாளுக்குப் பின் புதிய வசதி எதனையும் சேர்க்கலாகாது. மற்றொரு நாளுக்குப் பின் திரையில் தோன்றும் சொற்களை மாற்றலாகாது. அதன்பின் பிழை திருத்தம் மட்டுமே. இவற்றுள் இரண்டாம் விதி மொழிபெயர்ப்பாளர்களுக்காக ஏற்பட்டது. தமிழாக்கம் செய்வோரும் அதனை நம்பியே உழைக்கின்றனர். கெடு கடந்தபின் ஒருவர் ஓர் ஆங்கிலத் தொடரைத் திருத்தினால், அதன் தமிழாக்கம் பயனற்றுப் போய், தமிழ்ப் பட்டியலின் நடுவே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுவே!

4.0 பதிப்பு 2007 அக்டோபரில் வருவதாக இருந்தது. டிசம்பருக்குத் தள்ளி, மீண்டும் தள்ளி, 2008 ஜனவரி 11இல் வெளியிட்டனர். மேலும் தள்ளாததற்குக் காரணம் உண்டு. அடித்தளம் வெளிவந்தாலன்றிப் பிற செயலிகளை எழுதுவோர் அதற்கு மாறமாட்டார்கள். பலர் பயன்படுத்தினாலன்றிப் பிழைகளும் தெரியவாரா.

சிக்கல் எண்ணில்தான் இருந்தது. நிரலாளர்க்கு 4.0 என்றால் 'அடித்தளம் இட்டாயிற்று' என்று பொருள். பயனருக்கோ '3.5ஐ விடச் சிறந்தது' என்று பொருள். பழைய பணிப்பட்டையில் செய்துகொண்ட மாற்றங்கள் பலவற்றைப் புதியதில் செய்ய இயலவில்லை. மின்னஞ்சல், நாட்குறிப்புச் செயலிகளின் தொகுப்பு அதில் இடம்பெறவே இல்லை. 3.5 தொடர்ந்து பராமரிக்கப்படும் என நிரலாளர்கள் கூறியது, ஜனவரி 17 முதல் 19 வரை அமெரிக்காவில் கூகுள் வளாகத்தில் நடந்த வெளியீட்டு விழாவின் ஆரவாரத்தில் பலர் செவிக்கு எட்டவில்லை. மே மாதம் வந்த ஃபெடோரா 9, பழையதற்குப் பதிலாக 4.0ஐயே அளித்தது. ஜூனில் வந்த ஓப்பன்சூசே 11.0 இரண்டையும் அளித்துத் தேர்வைப் பயனரிடம் விட்டது. லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸே கேடிஇயை விட்டு குனோம் மேசைத்தளத்திற்கு மாறியதாக 2009இல் கூறினார்.

வெளியிட்டது தவறன்று என்பதே என் கருத்து. 'முன்னோட்டம்' என்ற ஒரு சொல்லைப் பெயரோடு சேர்த்திருந்தால் பாதிச் சினம் தணிந்திருக்கும். எண்ணை மட்டும் பார்ப்பவனிடம் விளக்கக் குறிப்பைப் படித்திருக்க வேண்டும் என்று வாதிடுவதில் பயன் என்ன?

2008 ஜூலையில் 4.1உம், 2009 ஜனவரியில் 4.2உம் வந்து குறைகளைப் படிப்படியாக நீக்கின. பழைய 3.5ஐக் கைவிட மனமில்லாத சிலர் அதனை டிரினிட்டி என்ற பெயரில் இன்றளவும் காத்து வருகின்றனர். 2014 முதல் அடிப்படை நூலகங்கள், மேசைத்தளம், செயலிகள் ஆகிய மூன்றும் தனித்தனி அட்டவணைப்படி வெளிவந்தன. மீண்டும் அடித்தளம் மாறியபோது, 2024 பிப்ரவரி 28ஆம் நாள் மூன்றையும் ஒருசேர வெளியிட்டனர். இம்முறை மின்னஞ்சல் செயலியும் உடன் வந்தது.