கம்பியில் குத்திய கடிதங்கள்

எங்கள் இராசிபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில், திண்ணைக்கு உள்பக்கம், கணக்கு எழுதுகிற மேசையை ஒட்டி ஒரு கம்பி இருக்கும். அடியில் வட்டமான மரச்சில்லு, மேல்முனை கூராக்கி வளைத்த கொக்கி. வந்த கடிதாசியைப் படித்ததும் அதில் குத்தி ஆணியில் மாட்டிவிடுவார்கள். வரி ரசீது, மளிகைச் சீட்டு, பத்திர ஆபீஸ் காகிதம் எல்லாம் அதே கம்பியில்தான். அடியில் கிடப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. யாரும் அடுக்காமலே காலவரிசை தானாக நின்றுவிடும்.

என் தாத்தா ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். அவர் கம்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு கார்டின் நடுவிலும் ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துருக்கறை, அந்த இடத்தில் இரண்டு மூன்று எழுத்து போயிருக்கும். மாடு விற்ற விலை, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவரும் நாள், ‘யாப்பருங்கலக்காரிகை இருந்தால் கொடுத்தனுப்பவும்’ என்று மல்லூர் வாத்தியார் ஒருவர் கேட்டது, எல்லாம் அதில் உண்டு. சாவுச் செய்தி மட்டும் ஒன்றுகூட இல்லை. கருமை தடவி வந்த கடிதத்தை வாசலில் வைத்தே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகுவது வழக்கம். வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஆகையால் எங்கள் வீட்டுக் கம்பியில் கல்யாணம் இருக்கும், காதுகுத்து இருக்கும், யாரும் செத்திருக்க மாட்டார்கள். குடும்பக் காகிதங்களை வைத்து வரலாறு எழுதுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பி நிறைந்தால் கட்டாகக் கட்டி அட்டாலிக்குப் போகும். தை நோம்பிக்கு வெள்ளையடிக்கிறபோது அட்டாலியிலிருந்து வெந்நீர் அடுப்புக்குப் போகும். எங்கள் சமவெளியின் எழுத்து பெரும்பாலும் இப்படித்தான் எரிந்தது.

தமக்கு வந்த கடிதங்களை எரியவிடாமல் காத்தவர் உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 வரை பாடம் சொன்னவர். அவருக்கு வந்தவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூல்நிலையத்தில் இருக்கின்றன. 1877 முதல் 1900 வரையிலானவற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, ‘கடிதக் கருவூலம்’ என்ற நூலின் முதல் தொகுதியாக வெளியிட்டார்.

அந்தக் காகிதங்களுக்கும் சேலத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அரியலூரிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணத்துக்கு வந்திருந்த முன்சீப்பைப் பார்க்கச் சாமிநாதையர் போனார். திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார். அந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான ஐயர் தாம் படித்த அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், புராணங்கள் என்று அடுக்கினார். முதலியார் அசரவில்லை. இவற்றுக்கும் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை தெரியுமா என்றார். அவற்றை அவர் படித்ததில்லை. தம்மிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை முதலியார் கொடுத்தார். படிக்கச் சொன்னார், தாமும் கூட உட்கார்ந்து பாடம் கேட்டார்.

அன்று கேட்டவருக்கு வயது இருபத்தெட்டு, கேட்கப்பட்டவருக்கு இருபத்தைந்து. படங்களில் இருவரையும் முதியவர்களாகவே பார்த்துப் பழகிவிட்டதால் இது நமக்குத் தோன்றுவதில்லை. இரண்டு இளைஞர்கள் பேசிய பேச்சிலிருந்து 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அச்சில் வந்தன. நான் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திய ஒவ்வொரு ஆண்டும், ‘இந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கியவர் நம்ம சேலத்துக்காரர்’ என்று சொல்லிவிட்டுத்தான் முதல் பாட்டைத் தொடங்குவேன்.

முதலியார் பிறகு முன்சீப் வேலையை விட்டுச் சென்னையில் வக்கீலானார். 1885இல், இங்கிலாந்துத் தேர்தல் சமயத்தில் இந்தியாவின் குறைகளை அங்குள்ள வாக்காளர்களிடம் எடுத்துச்சொல்ல மூவர் கப்பல் ஏறினார்கள். வங்காளத்து மன்மோகன் கோஷ், பம்பாயின் சந்தாவர்க்கர், சென்னை மாகாணத்தின் சார்பில் இராமசாமி முதலியார். 1892 மார்ச்சில் நாற்பது வயதுகூட நிறையாமல் காலமானார். மணிமேகலை அச்சேறியதை அவர் பார்க்கவில்லை.

ஐயருடைய வேலை நடந்ததே தபாலில்தான். கால் அணா போஸ்ட் கார்டு இந்தியாவில் வந்தது 1879 ஜூலையில். முதலியாரைச் சந்திப்பதற்கு ஓராண்டுதான் முன்னால். எந்த ஊரில் எந்த வீட்டில் ஏடு இருக்கிறது, யாரைக் கேட்டால் கொடுப்பார்கள் என்ற துப்பும், புத்தகத்துக்கு முன்கூட்டியே கையொப்பமிட்டுப் பணம் அனுப்புகிறவர்களின் சங்கதியும் தபாலில் வந்தன. இளமையைக் காரைக்காலில் கழித்த ஜூலியன் வின்சோன் 1891இல் பாரிசிலிருந்து தமிழிலேயே எழுதினார். ஆக்ஸ்போர்டிலிருந்து தமிழறிஞர் ஜி.யு. போப் எழுதினார். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க எண்ணிய சி.வை. தாமோதரம் பிள்ளை ஐயரிடமிருந்த பிரதியைக் கேட்டதும், இவர் கொடுக்க மனமில்லாமல் தவித்ததும் நமக்குத் தெரியும். அச்சான புத்தகம் முடிவை மட்டும் காட்டும். முடிவுக்கு வருமுன் பட்ட பாடு கடிதத்தில்தான் கிடக்கும்.

ஐயருக்குக் காகிதத்தின் அருமை தெரிந்திருந்தது. தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 34இல் இரண்டு பாகமாக எழுதியபோது மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கடிதங்களையும் அதில் சேர்த்தார். ஆசிரியர் இறந்தது 1876இல். அத்தனை காலம் அந்தக் காகிதங்கள் யார் வீட்டிலோ பத்திரமாக இருந்ததனால்தான் அவர் தம் மாணவர்களிடம் எப்படிப் பேசினார் என்பதை நாம் அறிகிறோம்.

காகிதங்களைக் காப்பதில் இன்னொரு நாட்டையும் சொல்ல வேண்டும். ஐயருக்கு மூன்று வயது இளையவர் வேல்சு நாட்டின் ஓவன் எட்வர்ட்ஸ். தாய்மொழியான வெல்ஷில் பேசியதற்காகப் பள்ளியில் தண்டனை பெற்ற பையன், பின்னாளில் அந்நாட்டுப் பள்ளிகளுக்கே தலைமை ஆய்வாளரானார். வெல்ஷில் புத்தகமும் பத்திரிகையும் போட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய காகிதங்கள், குடும்பக் கடிதங்கள் உட்பட, அபரிஸ்ட்வித் என்ற சின்னக் கடற்கரை ஊரில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. வாத்தியாரோ பாதிரியாரோ பண்ணைக்காரரோ, வீட்டுக் கடிதங்களை அங்கே கொடுத்துவைப்பது அந்த நாட்டில் வழக்கமாகியிருக்கிறது. நம் ஜில்லாவிலும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

ஏனென்றால் பெசன்ட் நகரில் இருப்பது பேச்சில் பாதி. அங்கே இருப்பவை ஐயருக்கு வந்தவை. ஐயர் எழுதிய பதில்கள் பெற்றவர்கள் வீட்டுக்குப் போயின. கையொப்பக்காரர்கள், மடங்கள், மிட்டாதார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று அந்த வீடுகள் தமிழ்நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. திருச்செங்கோட்டில் இருந்துகொண்டு கொங்கு மண்டல சதகத்தை 1923இல் பதிப்பித்த முத்துசாமிக் கோனார், ஊர் ஊராக ஏடும் செப்பேடும் தேடியவர். செப்பேட்டைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் பெட்டியைத் திறந்து பெருமையாகக் காட்டுவார்கள். அதே பெட்டியில் அடியில் கிடக்கும் கார்டுகளை, ‘அது என்னங்கய்யா, சும்மா கடுதாசி’ என்று தள்ளிவிடுவார்கள். பரமத்தியில் ஒரு வீட்டம்மா அப்படிச் சொல்லித் தள்ளிய கட்டில், அவருடைய மாமனார் மணிமேகலைப் பிரதிக்குப் பணம் கட்டிய மணியார்டர் துண்டு இருந்தது. அவர் பண்டிதர் அல்லர், நெல் வியாபாரி.

காகிதம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்டுக்கொள்வது, உறையையும் சேர்த்து வையுங்கள் என்பதுதான். அந்தக் காலத்தில் பலர் இங்கிலீஷ் தேதி போடுவதில்லை. ‘விய வருஷம் ஐப்பசி மாதம்’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே வருஷம் திரும்பி வரும். விய என்றால் 1886ஆகவும் இருக்கலாம், 1946ஆகவும் இருக்கலாம். தபால்தலையில் விக்டோரியா ராணி இருந்தால், சிந்தாமணி அச்சுக்கு ஆயத்தமான காலம். ஆறாம் ஜார்ஜ் இருந்தால், ஐயரே காலமாகி நாலு வருஷம் கழித்து எழுதியது. தபால்தலையை வெட்டிப் பேரப்பிள்ளையின் ஆல்பத்துக்குக் கொடுத்துவிட்ட கடிதங்கள் சில என் மேசையில் இருக்கின்றன. கையெழுத்தையும் மசியையும் வைத்து அவற்றுக்கு வயது கண்டுபிடிக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.