குழாய்க்குள் போன காற்று: ஒரு மொறிஸ் மைனரின் பிறேக்கும் அதற்குள் இருக்கும் வரலாறும்

பிறேக்கை மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போனது. கார் நிற்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நின்றது, ஆனால் படலைக்கு ஒரு முழம் முன்னால்.

எங்களில் ஒருவரின் பெரியப்பா வீட்டு மொறிஸ் மைனர் அது. 1950களின் கடைசியில் வந்த வண்டி. முற்றத்தில் நாங்கள் மூன்று பேர், மூன்று பேரும் கலைப்பீடம். பொனற்றைத் திறந்தால் எது எங்கே என்று தெரியாது. பெரியப்பா வந்து ஓட்டும் சீற்றில் இருந்து பெடலை மிதித்துப் பார்த்தார். முதல் மிதிக்கு உள்ளே போன பெடல், நாலைந்து தரம் விட்டுவிட்டு மிதிக்கக் கொஞ்சம் மேலே நின்றது.

"குழாய்க்குள்ள காத்துப் போட்டுது. எயார் எடுக்க வேணும். கராஜுக்கு ஏன் கொண்டு போறியள்? மூண்டு பேர் சும்மாதானே நிக்கிறியள்" என்றார்.

அன்று பின்னேரம் முழுக்க அந்தக் காற்றைத் துரத்தினோம். துரத்தும்போதுதான் ஒரு கேள்வி வந்தது. காரை நிறுத்துகிற வேலையை ஒரு கோப்பை எண்ணெயிடம் கொடுக்கலாம் என்று யாருக்கு, எப்போது தோன்றியது? அந்த எண்ணெய் யாழ்ப்பாணத்து முற்றம் ஒன்றில் அறுபது வருடத்துக்கு மேல் எப்படி வேலை செய்கிறது?

கதை கார் வருவதற்கு முன்னமே தொடங்குகிறது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரான பிளேஸ் பஸ்கால் காட்டினார். ஓ/எல் விஞ்ஞானப் புத்தகத்தில் நாங்கள் பாடமாக்கி மறந்த விதிதான். ஆனால் முதலில் வந்த கார்கள் அதை நம்பவில்லை. கம்பி, தண்டு, கேபிள் ஆகியவற்றால் பெடலையும் சில்லையும் இணைத்தார்கள். அதில் ஒரு பெரிய பிரச்சினை இருந்தது. நாலு கம்பியும் ஒரே அளவு இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். திரவத்துக்கு அந்தக் குறை இல்லை. பஸ்காலின் விதிப்படி நாலு சில்லுக்கும் அழுத்தம் தானாகவே சமமாகப் போகும்.

இதைக் காருக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். அண்ணன் தம்பி இருவராக விமானம் கட்டியவர்கள். லொக்ஹீட் என்ற விமானக் கம்பனிப் பெயர் அந்தக் குடும்பத்துடையதுதான். மல்கம் 1917இல் திரவ பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் டியூசன்பேர்க் கம்பனியின் பந்தயக் கார் ஒன்று திரவ பிறேக்கோடு பிரெஞ்சு கிராண்ட் பிறீ போட்டியை வென்றது. அதே காலத்தில் அந்தக் கம்பனியின் மொடல் ஏ கார் நாலு சில்லுக்கும் திரவ பிறேக்கோடு விற்பனைக்கு வந்தது. ஆனால் ஆரம்பகால அமைப்புகளில் எண்ணெயை உள்ளே தடுத்து வைத்தது தோல் வாஷர். தோல் காய்ந்தால் ஒழுகும். அந்த இடத்தில் இறப்பர் வந்த பிறகுதான் திரவ பிறேக் சாதாரண ஆட்களின் காருக்கும் தோதானது. 1924இல் கிரைஸ்லர் அதை எடுத்துக்கொண்டது. ஃபோர்ட் 1939 வரைக்கும் கம்பியையும் தண்டையும் விடவில்லை.

ஃபோர்டின் பயத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. கம்பியைக் கண்ணால் பார்க்கலாம், கையால் இழுத்துப் பார்க்கலாம். எண்ணெயை எப்படிப் பார்ப்பது? 1947இல் வந்த ஒஸ்ரின் ஏ40 டெவனில் முன்சில்லுகளுக்கு எண்ணெய், பின்சில்லுகளுக்குத் தண்டு. பாதி நம்பிக்கை. 1952இல் அடுத்து வந்த, எங்கட ஊரில் 'சோமசெற்' என்று பெயர் எடுத்த ஏ40இல்தான் நாலு சில்லும் எண்ணெய்க்கு மாறின.

மொறிஸ் மைனர் 1948இல் வெளிவரும்போதே முழுக்கத் திரவ பிறேக். சிலிண்டர்கள் லொக்ஹீட் வகை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார்தான் பிரித்தானியாவில் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் கார். அன்றைய இலங்கைக்கும் நிறைய வந்தது. பிறகு 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி, இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977இல் பொருளாதாரம் திறக்கும் வரைக்கும் புதுக் கார் என்பது மிகச் சிலருக்குத்தான். இருந்த காரை வைத்து ஓட்டுவதைத் தவிர மற்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இப்போது எங்கட முற்றத்துக்கு வருவோம்.

காற்று எடுக்க முதல், எண்ணெய் ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். பின்சில்லு ஒன்றின் சிலிண்டரில் இறப்பர் வாஷர் தேய்ந்து ஒழுகியிருந்தது. அதைப் பெரியப்பாவே மாற்றி, பிறேக் கட்டைகளையும் சரியான இடைவெளிக்கு வைத்துத் தந்தார். காற்று எடுக்கிற வேலைதான் எங்களுக்கு. ஒரு ஸ்பனர், ஒரு மெல்லிய ரியூப், ஒரு கண்ணாடிப் போத்தல், புதுப் பிறேக் ஒயில் ஒரு ரின். "ஜாக்கை மட்டும் நம்பிக் கீழ போகாதையுங்கோ" என்று சொல்லிக் கனமான மரக்குற்றிகளையும் முண்டு கொடுக்க வைத்தார்.

மாஸ்ரர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்தில் இருக்கும் சில்லில் தொடங்க வேண்டும். மைனரில் அந்தச் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. ஆகவே இடது பின்சில்லு முதல், வலது முன்சில்லு கடைசி. ஒருவர் பெடலில். ஒருவர் சில்லுக்குப் பின்னால் இருக்கிற நிப்பிளில். ரியூப்பை நிப்பிளில் மாட்டி, மற்ற நுனியைப் போத்தலில் இருக்கும் ஒயிலுக்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும். கீழே இருப்பவர் "அமத்து" என்றால் மேலே இருப்பவர் மிதித்துப் பிடிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்தால் ஒயிலோடு குமிழ் வரும். நிப்பிளைப் பூட்டின பிறகுதான் "விடு". பூட்ட முதல் காலை எடுத்தால், வெளியே போனது திரும்ப உள்ளே வரும். குமிழ் நிற்கும் வரை இதே வேலைதான்.

இதில் நாங்கள் சறுக்கினோம். மூன்றாவது சில்லில் நிற்கும்போது தாங்கியில் ஒயில் வற்றிப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒயில் விடுகிற வாய், பெடல் மிதிப்பவரின் காலடிக் கம்பளத்துக்குக் கீழே. அவரை எழுப்பிக் கம்பளத்தைத் தூக்கினால்தான் தெரியும். தாங்கி வற்றினால் மேலே இருந்து புதுக் காற்று உள்ளே போகும். திரும்பவும் முதல் சில்லில் இருந்து தொடங்கினோம்.

ஒரு சின்னக் குமிழுக்கு ஏன் இவ்வளவு பாடு? திரவத்தை அமத்தினால் அது கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால்தான் காலின் பலம் சில்லு வரைக்கும் போகிறது. காற்று சுருங்கும். கால் கொடுக்கிற பலத்தைக் குமிழ் தானே விழுங்கிவிடும். இன்னொரு எதிரி தண்ணீர். இப்போது பாவிக்கிற கிளைக்கோல் வகை ஒயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது நியமம். 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவியும் சுருங்கும். அதனால்தான் திறந்து வைத்த பழைய ரின்னை நம்பக் கூடாது. என்ஜின் ஒயிலை விடவே கூடாது. அது வாஷர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

தேத்தண்ணி குடிக்கும்போது பெரியப்பாவிடம் கேட்டோம், இதெல்லாம் கிடைக்காத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று.

1990இல் திரும்பவும் யுத்தம் தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றறி, சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியல். யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின கதை எல்லாருக்கும் தெரியும்: கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் கார் எப்படி ஓடியது என்றுதான் சொல்வார்கள். எப்படி நின்றது என்று நாங்களும் அதுவரை கேட்கவில்லை.

"எயார் எடுக்கேக்க வாற ஒயிலை எறியிறேல்ல. போத்தல்ல ஊறவிட்டு, தெளிஞ்சதை மட்டும் எடுத்துத் திரும்ப விடுவம். பிழையெண்டு தெரியும். வேற என்ன செய்யிறது? மெதுவா ஓடுறது, கையிறேக்கில ஒரு கை வைச்சிருக்கிறது" என்றார்.

கையிறேக் கேபிளில் வேலை செய்வது. அவரது காரில் நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் உடைந்தால் நாலும் போகும். இரண்டு தனிச் சுற்றுகளை அமெரிக்கா சட்டமாக்கியதே 1968இல்தான். எண்ணெயை நம்ப முடியாதபோது அவர் பழைய கம்பியிடம் திரும்பிப் போயிருக்கிறார்.

பிறகு 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. அந்தக் காரில் அப்பாச்சியும் இன்னும் இரண்டு கிழடுகளும் பாத்திர பண்டமும். "கார் எங்க ஓடினது? ஊர்ந்தது. முன்னுக்கு, பக்கத்தில எல்லாம் சனத்தின்ர கால். நாவற்குழி தாண்டுமட்டும் என்ர கால் பிறேக்கிலதான். மிதிக்கிற ஒவ்வொரு தரமும், இந்த முறை பிடிக்குமோ எண்டுதான் நினைப்பு." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

டேவிட் எட்ஜர்ட்டன் என்ற பிரித்தானிய வரலாற்றாசிரியர், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளால் அல்ல, பாவனையால் எழுத வேண்டும் என்று வாதிடுகிறார். அப்படி எழுதினால் திரவ பிறேக்கின் வரலாறு 1917இல் முடியாது. பெரியப்பாவின் போத்தலும் அதில் வரும். இன்னொன்றும் வரும். 1990களில் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகின. அதே தசாப்தத்தில் அதே நாட்டின் வடக்கில் ஒரு பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள்.

வாசல் மூடுவது பழைய கதையும் அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. மூடுகிற காலங்களில் எல்லாம் நாட்டைத் தாங்கியது பழுதுபார்க்கத் தெரிந்த கைகள். அந்தக் கைகள் செய்ததை எழுதி வைத்த ஒரு கொப்பியைக்கூட நாங்கள் கண்டதில்லை. பெரியப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது.

இருட்ட முதல் நாலு சில்லும் முடிந்தது. பெடல் பாதியிலேயே கல்லுப் போல நின்றது. சிந்தின ஒயில் பெயின்ரைத் தின்னும் என்று தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். பிறகு முற்றத்துக்குள்ளேயே, ஒரு கை கையிறேக்கில், முன்னுக்கும் பின்னுக்கும் ஐந்தாறு தரம் ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். படலை திறந்துதான் இருந்தது. அன்றைக்கு வெளியே போகவிடவில்லை. "ராத்திரி நிக்கட்டும். விடிய ஒயில் இறங்கியிருக்கோ எண்டு பாத்திட்டுப் போவம்."

விடிய நாங்கள் போனபோது அவர் ஏற்கனவே கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. நாங்கள் ஒரு கொப்பி கொண்டு போயிருந்தோம். உங்கட வீட்டிலும் பழைய கார் ஒன்றும், அதை ஓட்டின ஒருவரும் இருந்தால், நீங்களும் ஒரு கொப்பியோடு போய் இருங்கள்.