பாதத்துக்கேற்ற பாதரட்சை

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோலை ஊறவைத்துப் பதனிடும் முறையே வழக்கில் இருந்த சென்னை ராஜதானியில், 1903-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலைத்தொழிற் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் குரோமிய உப்புகளால் தோலைப் பதனிடும் புதிய முறையைப் பரிசோதிக்கத் தொடங்கியபோது, அவர் மனத்தில் கனவான்கள் அணியும் பளபளப்பான பூட்சுகளைப் பற்றிய எண்ணம் இருக்கவில்லை. குடியானவர்கள் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலையின் தோற்பை ஓயாமல் நனைந்து சீக்கிரத்தில் இற்றுப்போவதை அவர் கண்டார். தண்ணீருக்கு ஈடுகொடுக்கும் குரோம் தோலால் அதைச் செய்தால் நெடுநாள் உழைக்கும் என்பதே அவருடைய கணக்கு. அதே தோலால் எளியவர்க்கான செருப்புகளும் செய்யப்பட்டன. நம் நாட்டில் இந்தத் தோல் உபயோகத்துக்கென்று பிறந்ததேயன்றி அலங்காரத்துக்கென்று பிறந்ததன்று.

அரசாங்கம் தொழில் நடத்தலாகாது என்ற கொள்கையுடைய இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910-இல் இத்தகைய முயற்சிகளை ஆட்சேபித்ததால், சாட்டர்டன் தொடங்கிய அரசாங்கத் தோல் சாலை கைமாறிப் போயிற்று. ஆயினும் கற்ற வித்தை வீண்போகவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளாகவே சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்குத் தெற்கே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அதைச் சூழ்ந்து வளர்ந்த குடியிருப்புக்குக் குரோம்பேட்டை என்ற பெயர் நிலைத்தது. நாகல்கேணியிலும் பம்மலிலும் தோல் சாலைகள் பெருகியதும், அவற்றின் கழிவுநீரால் கிணறுகள் கெட்டதும், தமிழ்நாட்டுத் தோல் சாலைகளின் கழிவைப் பற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு கடுமையான தீர்ப்பு வழங்கியதும் தனியே விரித்து எழுதவேண்டிய சரித்திரம். இங்கே நம் நோக்கம் அந்தத் தோல் போய்ச் சேர்ந்த இடமாகிய மனிதனுடைய காலைப் பற்றியது.

குரோம் முறையில் பதனிட்ட தோல் வாரக்கணக்கில் காத்திராமல் ஓரிரு நாளிலேயே பதமாகிவிடும். ஈரத்தோடு எடுக்கும்போது வெளிர்நீலமாக இருக்கும். மெல்லியதாக, இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுப்பதாக இருக்கும். இழுத்த இழுப்புக்கு வரும் இந்தக் குணந்தான் பூட்சின் மேல்தோலுக்கு அதை மிகவும் ஏற்றதாக்கிற்று. தீங்கும் அங்கேதான் நுழைந்தது. ஏனெனில் தோலை இழுத்துப் போர்த்துவது காலின்மேல் அன்று. மரத்தால் கடைந்த ஓர் அச்சின்மேல். அந்த அச்சு எந்தக் காலைப் பார்த்துக் கடையப்பட்டது என்பதே கேள்வி. ஹாலந்து தேசத்து உடற்கூற்று அறிஞர் பேத்ருஸ் காம்பர் 1781-லேயே பூட்சின் சிறந்த வடிவத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சூரிச் நகரத்துப் பேராசிரியர் ஹெர்மன் மேயர் 1858-இல், பெருவிரல் நேராக நீண்டு கிடக்க இடம்விடாமல் முனையைக் கூராக்கும் வழக்கமே பாதங்களைக் கோணலாக்குகிறது என்று விளக்கினார். அமெரிக்க ராணுவ வைத்தியர் எட்வர்ட் மன்சன், சிப்பாய்களின் பாதங்களை ஆராய்ந்து, விரல்கள் விரிய இடமுள்ள பூட்சு வடிவத்தை 1912-இல் வெளியிட்டார். யுத்தத்துக்கு நடந்து போகவேண்டியவனுக்குச் சௌகரியத்தை அளித்த உலகம், ஆபீசுக்கு நடந்து போகிறவனுக்குக் கூர்முனையையே அளித்து வந்தது.

நம் தொண்டை மண்டலத்தில் காலணி புதிய பொருளன்று. காஞ்சியிலிருந்து ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையனுடைய பாதத்தில், செருப்பை இடையறாது அணிந்ததால் விழுந்த தழும்பைப் புலவர் கண்டு சொல்லியிருக்கிறார். அந்தத் தழும்பு மேய்ச்சல் நிலத்தில் முள்ளுக்கும் கல்லுக்கும் தப்பியதற்கு அடையாளம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், பல்லாவரத்திலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் பட்டணத்துக்குப் போய் வரும் உத்தியோகஸ்தர் கூட்டம் பெருகப் பெருக, வேறு விதமான தழும்புகளும் பெருகின: சுண்டுவிரல் ஓரத்தில் கால் ஆணி, பெருவிரல் அடியில் புடைத்த எலும்பு, காலையில் படுக்கையைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது ஊசியால் குத்துவதுபோன்ற குதிகால் வலி. இவற்றுக்கெல்லாம் காலணி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. உடல் எடை, நின்றபடியே செய்யும் வேலை, வயது ஆகியவையும் சேர்கின்றன. ஆனால் வலிக்கும் காலை இறுகிய பூட்சுக்குள் திணிப்பதைப்போல நம் கையாலேயே நாம் செய்துகொள்ளும் தீமை வேறில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வலியின் அருமையை உலகத்துக்குக் கற்பித்த இடமும் இதே ரயில் வழியில்தான் இருக்கிறது. தாம்பரத்தைக் கடந்து தெற்கே போனால் செங்கற்பட்டு. அங்கே 1925-இல் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயாளர் இல்லம் ஏற்பட்டது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் ரண வைத்தியராகப் பணியாற்றிய பால் பிராண்ட், 1947-இல் செங்கற்பட்டுக்கு வந்து, டாக்டர் ராபர்ட் காக்ரேனுடன் நோயாளிகளைப் பார்த்தார். மடங்கிப்போன கைகளிலும் பலம் எஞ்சியிருப்பதைக் கண்டு எழுந்த ஆராய்ச்சி, பின்னர்க் கால்களுக்கும் சென்றது. நோயாளிகளின் பாதங்கள் அழுகுவது நோயின் தவிர்க்கமுடியாத விளைவு என்றே அதுவரை பெரும்பாலோர் நினைத்திருந்தனர். உணர்ச்சி மரத்த காலில் ஒரே இடத்தில் ஆயிரமாயிரம் தடவை விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்பதையும், நமக்கென்றால் வலி வந்து நடையை மாற்றச் செய்யும், அவர்களுக்கோ அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை என்பதையும் பிராண்டும் அவருடைய தோழர்களும் நிலைநாட்டினர்.

மரக்கட்டை, பிளாஸ்டிக் என்று பல பொருள்களைச் சோதித்தபின், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மிருதுவான ரப்பரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் வழங்குவது அதுவே. அதன் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் கருணையும் அறிவும் கலந்திருப்பது தெரியும். பாதம் படியும் தளம் விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும். அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கடினமான ரப்பர். மேலே அகன்ற வார்கள், வீக்கத்துக்கேற்பத் தளர்த்தவும் இறுக்கவும் கூடியவை. நடையில் கழன்றுவிடாமல் குதிகாலைச் சுற்றி ஒரு வார். ஆணி ஒன்றுகூட இராது, ஒட்டியும் தைத்துமே செய்வார்கள். ஆணி மேலே கிளம்பிக் குத்தினாலும் அணிந்தவருக்குத் தெரியாதல்லவா? நீரிழிவால் கால் மரத்தவர்களுக்கும் வைத்தியர்கள் இதே வகைச் செருப்பைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். இதைத் ‘தொழுநோயாளி செருப்பு’ என்று வெட்கப்பட்டு வாங்க மறுப்பவர்கள் இன்றும் உண்டு. அந்த வெட்கம் காலையே பலிகொண்டுவிடும்.

அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், நெடுநாளாக எவரும் கேளாதிருந்த கேள்வியைச் சமீபத்தில் கேட்டது: இந்தியருடைய பாதத்தை யாராவது அளந்ததுண்டா? ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அளவெண்களையே நாம் வழிவழியாகப் பின்பற்றி வந்தோம். 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரையில், நாடெங்கும் 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தார்கள். ஐரோப்பியரைவிட நம் பாதம் அகலமானது என்றும், குறுகிய பூட்சில் கால் நுழையாததால் பலர் தங்கள் அளவுக்கு மேற்பட்ட நீளத்தில் வாங்கிக் கயிற்றை இறுக்கிக் கட்டி நடக்கிறார்கள் என்றும் தெரிந்தது. இதன் பயனாக வகுத்த இந்திய அளவுமுறைக்கு ‘பா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். சாட்டர்டனின் பரிசோதனைக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே, தோலுக்குச் செய்த ஆராய்ச்சியைக் காலுக்கும் செய்தோம்.

புதிய அளவுகள் கடைத்தெருவுக்கு வந்து பரவும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஒரு காகிதத்தின்மேல் நின்று, இரு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்துகொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைக் கடைக்கு எடுத்துச் சென்று, வாங்க நினைக்கும் காலணியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். காலணிக்கு வெளியே கோடு தெரிந்தால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும் வாங்காதீர்கள்.