புரூஸ்: 'ஜாஸ்' படத்தின் சுறா

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1975 ஜூன் 20 அன்று வெளியான 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறாக்களுக்குப் படக்குழு இட்ட செல்லப்பெயர் புரூஸ். அது இயக்குநருடைய வழக்கறிஞரின் பெயர். அந்தச் சுறாக்களின் அச்சில் வார்த்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே.

கலை இயக்குநர் ஜோ ஆல்வ்ஸ் வரைந்து கொடுக்க, பாப் மாட்டியின் குழு மூன்று சுறாக்களைச் செய்தது. 1974இல் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக் கடலில் இறக்கியதும் உப்புநீர் அவற்றின் உறுப்புகளை முடக்கியது. ஒன்று மூழ்கியே போனது. சுறா வேலை செய்யாத நாட்களில், நீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய்களைக் கொண்டே ஸ்பீல்பெர்க் அதன் வரவை உணர்த்தினார். படத்தின் அச்சத்தில் பெரும்பங்கு இந்தப் பழுதால் விளைந்தது. படப்பிடிப்புக்குப் பின் மூன்றும் கவனிப்பாரின்றிச் சிதைந்து அழிந்தன.

படம் பெருவெற்றி பெற்றதும் அதே அச்சில் ஃபைபர்கிளாஸ் கொண்டு நான்காவது சுறாவை வார்த்தார்கள். யுனிவர்சல் ஸ்டுடியோவுக்கு வருவோர் அருகே நின்று படமெடுத்துக்கொள்ள 1990 வரை அது அங்கே தொங்கியது. பிறகு லாஸ் ஏஞ்சலஸின் சன் வேலியில் உள்ள ஒரு காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் அதை உருக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. கம்பங்களில் உயர்த்திக் கட்டிவைத்தார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் வெயில் தின்றது.

2010இல் ஒரு வானொலிச் செய்தியாளர் இதன் பூர்விகத்தைத் தேடினார். படத்தின் சுறாக்களில் வேலை செய்த ராய் ஆர்போகாஸ்ட், இது அந்த அச்சில் பிறந்ததுதான் என்று உறுதிசெய்தார். இத்தகைய பொருளில் வண்ணத்தை நம்ப முடியாது. பல்லை யாரும் பொருத்திவிடலாம். ஒரு வார்ப்பின் மேல் மறு அச்செடுத்தால் நுணுக்கங்கள் மழுங்கும், அளவும் சுருங்கும். ஆகவே மூக்கின் சரிவும் தாடையின் வளைவுமே பிறப்புச் சான்று. திரையில் ஒரு நொடிகூடத் தோன்றாத இந்தச் சுறாவை 'அசல்' என்பது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. தகும் என்பதே சரி: நடித்த மூன்றின் உடலும் அழிந்தபின், அந்த உடலை நமக்குக் காட்டுவது இது மட்டுமே.

2016இல் கடை மூடப்பட்டபோது சுறா, அகாடமி திரைப்பட அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வந்தது. சீரமைப்பை ஏற்ற கிரெக் நிகோட்டெரோ, சிறுவயதில் 'ஜாஸ்' பார்த்து ஒப்பனைக் கலைக்கு ஈர்க்கப்பட்டவர். வெடித்த பரப்பை அடைத்து, பற்களையும் கண்களையும் புதிதாகச் செய்து, படக்காலத்துப் புகைப்படங்களைப் பார்த்து வண்ணம் தீட்டினார்கள். மாதக்கணக்கில் வேலை நடந்தது.

நீளம் 25 அடி, எடை 1,208 பவுண்டு, பற்கள் 116. மின்தூக்கியில் நுழையாததால் 2020 நவம்பரில் கிரேன் கொண்டு கட்டடத்துக்குள் ஏற்றினார்கள். 2021 செப்டம்பர் 30 அன்று அருங்காட்சியகம் திறந்தபோது, வாயைத் திறந்தபடி அது கூரையடியில் தொங்கிக்கொண்டிருந்தது.